குடிய விட்டாச்சு, ஒறக்கம் வரல்ல: மாத்திரையா, அரிஷ்டமா, ஓ.பி.யா, வீட்டுலயே பழக்குறதா?

குடிய விட்ட ஆளு ராத்திரி முழுக்க பாயில உருண்டுகிட்டு கெடந்தா, நம்ம பக்கத்துல வழி சொல்றதுக்கு ஆளுக்கு பஞ்சமே இல்ல. நான் சொல்றது குமரி மாவட்டத்துல கேரளா எல்லைய ஒட்டுன களியக்காவிளை, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் இந்த சுத்துவட்டாரம். மச்சினன் மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கி தாறேம்பான், அத்தை வைத்தியசாலையில அரிஷ்டம் வாங்குன்னு சொல்லுவாங்க, கூட ரப்பர் பால் வெட்டுக்கு வாற அண்ணன் எல்லை தாண்டி பாறசாலை பக்கம் போயி ரெண்டு கிளாஸ் கள்ளு விட்டா சுகமா ஒறங்கலாம் மக்கான்னு தோள்ல தட்டுவாரு, பாஸ்டர் உபவாச ஜெபத்துக்கு வர சொல்லுவாரு, வெளிநாட்டுல இருக்கிற சித்தப்பா மூச்சுப்பயிற்சி வீடியோ அனுப்புவாரு. எல்லாரும் நல்ல மனசோட தான் சொல்றாங்க. ஆனா எல்லாத்தையும் ஒண்ணா போட்டு பாத்தா எது கேட்டுச்சு எது கெடுத்துச்சுன்னே தெரியாம போயிரும். அதனால எதை எடுக்கலாம் எதை தொடவே கூடாதுன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

எல்லாத்தையும் நான் ஒரே கேள்விய வச்சு தான் பாக்குறேன். இன்னைக்கு இது ஒறக்கம் தருமான்னு கேக்காதீங்க, இதுல பாதி விஷயம் தரத்தான் செய்யும். இதை நிறுத்துற அன்னைக்கு ராத்திரி என்ன ஆகும்னு கேளுங்க. பிராந்தியும் தான் ஒறக்கம் தந்துச்சு, வருஷக்கணக்கா தந்துச்சு, நிறுத்துன அன்னைக்கு தானே ஆட்டம் ஆரம்பிச்சுது.

உள்ளத சொன்னா அது தந்ததும் முழு ஒறக்கம் கெடையாது. ஒரு குவாட்டர்னா 180 மில்லி, அதுல 42.8 சதவீதம், கணக்கு போட்டா சுத்த ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். ஈரல் மணிக்கு சுமாரா 7லேருந்து 10 கிராம் வரைக்கும் தான் கரைக்கும், அப்ப ராத்திரி 8 மணிக்கு அடிச்சது ரத்தத்த விட்டு போக 2 மணியும் ஆகலாம் நாலரையும் ஆகலாம். படுத்த ஒடனே கண்ண சொருக வைக்கும், அது நெசம். ஆனா கனவு வாற ஒறக்கத்த அமுக்கி வச்சிரும், அளவு எறங்க எறங்க பின்ராத்திரி ஒறக்கம் துண்டு துண்டா ஒடையும், நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்து முழிப்பு வரும். 3 மணிக்கு பால் வெட்டுக்கு எந்திரிக்கிற ஆளுன்னா இன்னும் மோசம், மிச்ச போதை ஒடம்புல இருக்கும்போதே தலையில லைட்ட கட்டிகிட்டு கையில கத்தியோட மரத்துக்கு மரம் நடக்குறாரு.

நிறுத்துன பெறகு ஏன் ஒறக்கம் போகுதுன்னா, மூளையில காபான்னு ஒரு அடக்குற வேலை நடக்குது, குளுட்டமேட்னு ஒரு கெளப்புற வேலை நடக்குது. ஆல்கஹால் அடக்குறத கூட்டும், கெளப்புறத கொறைக்கும். மூளை சும்மா இருக்குமா, வருஷக்கணக்கா அதுக்கு எதிரா தள்ளிகிட்டே பழகிரும். வெளியேருந்து கதவ தள்ளிட்டு இருந்தவன் டப்புன்னு கைய எடுத்தா உள்ளேருந்து எதிர்த்து தள்ளுனவன் தலகுப்புற விழுவான் பாருங்க, அந்த நெலமை தான் முதல் சில நாள். அமுங்கி கெடந்த கனவெல்லாம் மொத்தமா திரும்பி வரும், அதுல நெறைய பேருக்கு தான் மறுபடியும் குடிக்கிற மாதிரியே கனவு வரும், வேர்த்து எந்திரிச்சு "நான் குடிச்சிட்டனா"ன்னு பொண்டாட்டிகிட்ட கேட்ட ஆளுகள எனக்கு தெரியும். அது தப்பு பண்ணதுக்கு அடையாளம் இல்ல, மூளை திரும்புறதுக்கு அடையாளம். நெறைய பேருக்கு சில வாரத்துல கொறையும், சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும், இது முன்னாடியே தெரிஞ்சா பாதி பயம் போயிரும்.

ஒப்பீடு பண்றதுக்கு முன்னாடி ஒண்ண தனியா எடுத்து வச்சிரணும். தெனமும் நல்லா குடிச்ச ஆளு நிறுத்துன முதல் நாலஞ்சு நாள் ஒறக்கப் பிரச்சனையே கெடையாது, அது உசுரு பிரச்சனை. வலிப்பு வருதுன்னா கடைசியா குடிச்சதுலேருந்து 6 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் எடையில தான் பெரும்பாலும் வரும். கை நடுக்கம், வேர்வை, இல்லாத பூச்சிய சுவத்துல பாக்குறது, எங்க இருக்கோம்னே தெரியாம ஒளறுறது எல்லாம் ரெண்டாவது நாளுக்கு பெறகு முத்தும். அதுக்கு வைத்தியசாலையும் ஜெபமும் காத்திருக்கட்டும், நேரா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, அந்த பக்கம்னா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ போயிருங்க. அங்க டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு, ஈரல் ரொம்ப கெட்ட ஆளுன்னா லோரசிபாம், இதுல ஒண்ண குடுத்து சில நாள்ல படிப்படியா எறக்குவாங்க, கூடவே வைட்டமின் பி1 ஊசி போடுவாங்க. அந்த ஊசிய சாதாரணமா நெனைக்காதீங்க, பி1 இல்லாம போனா ஞாபகமே அழிஞ்சு போற அளவுக்கு மூளை கெடும். முன்ன ஒரு தடவ நிறுத்துனப்ப வலிப்பு வந்த ஆளு, மஞ்சக்காமாலை உள்ள ஆளு, வீட்டுல கூட இருக்க ஆள் இல்லாதவரு, இவங்களுக்கு எல்லாம் அட்மிஷன் தான், பேச்சே இல்ல.

இனி அதுக்கு பிந்தின வாரங்கள பாக்கலாம், உண்மையான முடிவு எடுக்க வேண்டிய எடம் அது தான்.

மொதல்ல மெடிக்கல் ஷாப் மாத்திரை. அல்பிரசோலம், நைட்ரசிபாம், சோல்பிடம் இந்த கூட்டம். நல்லா வேலை செய்யும், அது தான் இதுல உள்ள ஆபத்தே. அல்பிரசோலம் போய் ஒக்காருற எடமும் ஆல்கஹால் போய் வேலை காட்டுற எடமும் மூளையில ஒண்ணு தான், அந்த காபா வாசல் தான். அப்ப மூளைக்கு குடி நின்னு போச்சுன்னே தெரியாது, பாட்டில் மாறி அட்டையா வந்திருக்குன்னு நெனைக்கும். சில வாரத்துலயே அரை மாத்திரை ஒண்ணாகும், ஒண்ணு ரெண்டாகும். நிறுத்துற ராத்திரி எப்படின்னு கேட்டீங்கன்னா மாத்திரைக்கு முன்னாடி இருந்தத விட மோசமா இருக்கும், தெனமும் போட்டுட்டு திடீர்னு நிறுத்துனா இதுக்கும் வலிப்பு வரலாம். எல்லாத்துக்கும் மேல, மாத்திரையும் போட்டு அன்னைக்கு ஒரு கட்டிங்கும் விட்டா மூச்சு நின்னு போகலாம். அதிகமா குடிச்ச ஆளுகள்ல கொறட்டையோட ஒறக்கத்துல மூச்சு முட்டுற வியாதி உள்ளவங்களும் நெறைய பேரு, அவங்களுக்கு குடி இல்லாமலே இந்த மாத்திரை ஆபத்து. இது எல்லாம் ஷெட்யூல் எச்1 மருந்து, சீட்டு இல்லாம குடுக்க கூடாது, கடைக்காரர் தனி ரிஜிஸ்டர்ல எழுதி வைக்கணும். தெரிஞ்ச கடைன்னு சீட்டு இல்லாம ரெண்டு அட்டை வாங்கிட்டு வாற மச்சினன் உதவி பண்ணல்ல. சளி மாத்திரைய போட்டு ஒறங்குறது, இருமல் டானிக்க மூடி மூடியா குடிக்கிறது இதுவும் நடக்குது. சளி மாத்திரை சில நாள்ல கேக்காம போயிரும், டானிக்கோட கதை வேற, பல டானிக்ல ஆல்கஹாலே இருக்கும், லேபிள பாருங்க.

கள்ளு, பீர், ஒரே ஒரு கட்டிங், இத ஒரு வழியா கணக்குல எடுக்கிறதே தேவையில்ல, ஆனாலும் நம்ம எடம் எல்லைங்கிறதால ரெண்டு வார்த்தை. தமிழ்நாட்டுல 1987லேருந்து கள்ளு தடை, எல்லைய தாண்டி கேரளாவுக்குள்ள போனா கள்ளு ஷாப்பு இருக்கு, அதனால நம்ம ஆளுகளுக்கு கள்ளுன்னா ஏதோ மருந்து மாதிரி ஒரு எண்ணம். எறக்குன ஒடனே இனிப்பா இருக்கும், நேரம் போகப்போக புளிச்சு பீர் அளவுக்கும் அதுக்கு மேலயும் போகும். கஞ்சாவும் இதே கணக்கு, தெனமும் இழுத்தவன் நிறுத்துனா ஒறக்கம் போறதும் பயங்கர கனவு வாறதும் முக்கியமான அறிகுறி. கேள்விக்கு பதில் கெடச்சிருச்சுல்ல.

வைத்தியசாலை விஷயம் அப்படி ஒதுக்கி தள்ள முடியாது. நம்ம ஊருல வர்ம ஆசான்மாரும் சித்த வைத்தியரும் ஆயுர்வேத கடையும் தெருவுக்கு தெரு உண்டு, நாமளும் அத நம்பி வளந்தவங்க, ஒறக்கம் இல்லன்னா மொதல்ல அங்க போறது தான் வழக்கம். அதனால இங்க பிரிச்சு பாக்கணும். அஸ்வகந்தாரிஷ்டம், சாரஸ்வதாரிஷ்டம்னு அரிஷ்டம், ஆசவம்னு முடியுற எதுவும் குடிய விட்ட ஆளுக்கு வேண்டாம். இதெல்லாம் புளிக்க வச்சு எடுக்குற மருந்து, தானா உண்டாகுற ஆல்கஹால் இவ்வளவு சதவீதம்னு பாட்டில்லயே போட்டிருக்கும், 5க்கு மேல 10 வரைக்கும் சாதாரணம். ஒரு வேளைக்கு 15 மில்லி 30 மில்லி தானே, அதுல போதை ஏறாது தான். ஆனா அந்த வாசமும் தொண்டையில எறங்குற அந்த சூடும் போதும் மனசு பழைய கடைக்கு நடக்க. இன்னொண்ணு, டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுற ஆளுக்கு, அதான் குடிச்சா ஒத்துக்காம போற மாத்திரை, இந்த 15 மில்லி அரிஷ்டமே முகம் செவந்து வாந்தி வந்து நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரியில கொண்டு விடலாம். வீட்டு ஆளுக்கு மாத்திரைய தெரியும், அரிஷ்டத்துல உள்ளது தெரியாது, அங்க தான் மாட்டிக்கிறது.

அமுக்கரா சூரணம் பால்ல கலக்கி குடிக்கிறது வேற, அதுல ஆல்கஹால் கெடையாது, ஒறக்கத்துக்கு ஓரளவு ஒதவுதுன்னு சின்ன சின்ன ஆய்வுகளும் உண்டு. நிறுத்துனாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா அபூர்வமா ஈரலை பாதிச்ச கேஸ்கள் பதிவாகி இருக்கு, குடியில ஏற்கனவே அடி வாங்குன ஈரல்ங்கிறதால ரத்தம் டெஸ்ட் பண்ணாம நான் சொல்ல மாட்டேன். ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல வேண்டாம், நல்லா ஒறங்கட்டும்னு ஒரு காய முழுசா அரைச்சு குடுத்தா வாந்தியும் படபடப்பும் தலை கிறுகிறுப்பும் தான் வரும். தலைக்கு எண்ணெய் தேய்ச்சு சாயங்காலம் வெந்நீர் குளிக்கிறது, காலு தடவி விடுறது, இதுல ஒரு கெடுதலும் இல்ல, தெனமும் ஒரே நேரத்துல பண்ணா ஒடம்பு அத ஒறக்கத்துக்கு சிக்னலா எடுத்துக்கும். ஆசான்கிட்ட போனா எண்ணெய வாங்குங்க, பாட்டில விட்டுருங்க.

அடுத்தது மனநல டாக்டர் ஓ.பி. இங்க நம்ம ஆளுகளுக்கு ரெண்டு தடை. ஒண்ணு, பைத்தியத்துக்கு பாக்குற எடம்னு வெக்கம். அத பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, போயிட்டு வந்தா போயிரும். ரெண்டாவது தான் உண்மையான தடை, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில, அதே நேரம் தான் பால் எடுக்குற நேரம். ஒரு நாள் ஓ.பி.ன்னா ஒரு நாள் கூலி போச்சு. ஆனா மருந்து இலவசம், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

டாக்டர் குடுக்குற மருந்தும் மெடிக்கல் ஷாப் மாத்திரையும் ஒண்ணு தானேன்னு கேப்பாங்க. இல்ல. முதல் வாரம் முடிஞ்ச பெறகு நல்ல டாக்டர்மாரு அந்த அல்பிரசோலம் கூட்டத்த எழுதுறத தவிர்ப்பாங்க, அதுக்கு பதிலா ட்ராசோடோன், மிர்டாசபின், கபாபென்டின், மெலடோனின் இப்படி ஏதாவது ஒண்ண ஆள பாத்து எழுதுவாங்க. இதுலயும் முள்ளு இருக்கு. கபாபென்டின போதைக்கு எடுக்குற ஆளுகளும் உண்டு. ட்ராசோடோன் பத்தி 2008ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, குடுத்த நாள்ல ஒறக்கம் தேறுச்சு, ஆனா குடிக்காம இருக்குற நாளு கூடல்ல, மருந்த நிறுத்துன பெறகு குடி கொஞ்சம் கூடவே செஞ்சுது. நான் அந்த கேள்விய விடாம புடிச்சிருக்கிறதுக்கு இதெல்லாம் தான் காரணம். குடி ஆசைய கொறைக்க குடுக்குற அகாம்ப்ரோசேட் ஒறக்கத்தையும் கொஞ்சம் நேராக்குதுன்னு ஆய்வுகள் இருக்கு, கிட்னி நல்லா இருக்கணும். நால்ட்ரெக்சோன் சிலருக்கு ஒறக்கத்த கெடுக்கும், அப்படி ஆனா டாக்டர்கிட்ட சொல்லி காலையில போடுற மாதிரி மாத்திக்கலாம், தானா நிறுத்திர வேண்டாம். ஓ.பி.யோட உண்மையான லாபம் மருந்துல இல்ல, ஒறக்கத்த கெடுக்குற மத்த விஷயத்த அங்க தான் கண்டுபிடிப்பாங்க. மனச்சோர்வு, ஒறக்கத்துல மூச்சு முட்டுறது, ராத்திரி காலு வெறுவெறுன்னு இழுத்து அசைச்சுகிட்டே இருக்க தோணுறது, அதுக்கு பின்னாடி உள்ள இரும்புச்சத்து கொறவு. இத எந்த மச்சினனும் கண்டுபிடிக்க மாட்டான்.

போக வழியே இல்லன்னா அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசலாம். போதை விஷயத்துக்கு மட்டும்னா 14446.

தங்கி இருக்குற சென்டர் பத்தியும் கேப்பீங்க. விளக்கு அணைக்க ஒரு நேரம், எந்திரிக்க ஒரு நேரம், டீ அளவு, போன் கெடையாது, அதனால அங்க ஒறக்கம் சீக்கிரம் நேராகும், நெசம் தான். ஆனா அந்த ஒறக்கம் அந்த கட்டடத்துக்கு சொந்தம், வீட்டுக்கு வந்த மொத ராத்திரி பழைய கட்டில், பழைய சத்தம், பழைய நேரம். வீட்டுல குடிக்கிற இன்னொரு ஆளு இருந்தாலோ பல தடவ விட்டு விட்டு புடிச்ச ஆளா இருந்தாலோ சென்டர் தேவைப்படும், ஒறக்கத்துக்கு மட்டும்னா காசு வேஸ்ட். போறதா இருந்தா 2017 மனநல சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்களா, மனநல டாக்டர் நேர்ல வந்து பாக்குறாரான்னு கேளுங்க, பதில் சொல்ல தயங்குனா வண்டிய திருப்பிருங்க. கேரளா பக்கம் வீடு உள்ளவங்களுக்கு எக்சைஸ் டிபார்ட்மென்டோட விமுக்தி திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியிலயே சென்டர் உண்டு, அத மொதல்ல பாருங்க.

கடைசி வழி வீட்டுல இருந்தே ஒறக்கத்த பழக்குறது. கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா நாள்பட்ட ஒறக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னாடி இத தான் குடுக்கணும்னு அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒண்ணு 2016லயே வழிமுறை போட்டிருச்சு, குடிய விட்டவங்ககிட்ட பண்ண ஆய்வுகள்லயும் ஒறக்கம் தேறுது. நிறுத்துற ராத்திரின்னு ஒண்ணு இதுல கெடையாது, ஏன்னா எடுத்துக்கிட்டதே ஒண்ணும் இல்ல. கஷ்டம் என்னன்னா மெதுவா தான் பலன் தெரியும், நாலஞ்சு வாரம் பொறுக்கணும், முதல் ரெண்டு வாரம் இன்னும் கொஞ்சம் மோசமான மாதிரியே இருக்கும்.

இதுல புஸ்தகத்துல உள்ளத அப்படியே நம்ம வெட்டுக்கார ஆளுக்கு போட முடியாது. ராத்திரி 10 மணிக்கு படு, 6 மணிக்கு எழுன்னு எழுதியிருப்பாங்க. இவரு 3 மணிக்கு எந்திரிச்சாகணும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டுனா தான் பால் நல்லா ஓடும், மரம் இவருக்காக காத்திருக்காது. அதனால எந்திரிக்கிற நேரத்த ஆணியடிச்ச மாதிரி வச்சுக்கங்க, மழையில வெட்டு இல்லாத நாளும் ரொம்ப தள்ளி போகக் கூடாது. படுக்குறது 8.30, 9 மணி. அந்த நேரத்துல வீட்டுல சீரியல் ஓடும், பிள்ளைங்க படிக்கும், இது முழு வீடும் சேந்து எடுக்க வேண்டிய முடிவு, ஆளு மட்டும் எடுத்தா நடக்காது.

படுத்து இருவது நிமிஷம் போல ஆகியும் கண்ணு சொக்கலன்னா எந்திரிச்சு வராண்டாவுல ஒக்காருங்க, மங்கலான வெளிச்சத்துல, போன் இல்லாம, ஒறக்கம் கண்ண கட்டுனா மட்டும் திரும்பி கட்டிலுக்கு. திரும்ப முழிச்சா திரும்ப எந்திரிங்க. மணிய பாக்காதீங்க, சும்மா ஒரு அளவு தான் அது. கட்டில்னா பொரண்டு கெடக்குற எடம்னு மூளை பழகியிருக்கு, அத அழிக்கணும், ரிச்சர்ட் பூட்சின்ங்கிறவரு 1972லயே சொன்ன முறை இது, இன்னும் இத விட எளிமையா ஒண்ணு வரல்ல.

இன்னொரு முறை உண்டு, கட்டில்ல கெடக்குற நேரத்தையே சுருக்குறது. ஆறு மணி நேரம் கெடந்து நாலு மணி நேரம் தான் ஒறங்குறாருன்னா கட்டில் நேரத்த அஞ்சா சுருக்கி, ஒறக்கம் அடர்த்தியான பெறகு பைய பைய கால் மணி நேரமா கூட்டுறது. நல்ல பலன் உள்ள முறை தான். ஆனா இத வெட்டுக்காரங்களுக்கு தானா பண்ண சொல்ல எனக்கு மனசு வரல்ல, ஆரம்ப நாள்ல பகல்ல கண்ணு சொருகும், இருட்டுல மலைப்பாதையில பைக்கு, கையில கத்தி, வேண்டாம். வலிப்பு வந்த ஆளுக்கும் வேண்டவே வேண்டாம். டாக்டர் கூட இருந்தா மட்டும்.

சாயா. கட்டன் சாயாவ நான் விட சொல்ல மாட்டேன், குடிய விட்டவன்கிட்ட சாயாவையும் புடுங்குறது பாவம். 3 மணிக்கு ஒண்ணு, வெட்டு முடிஞ்சு ஒண்ணு, நல்லது. கஃபீன் ஒடம்புல பாதியா கொறையவே அஞ்சாறு மணி நேரம் ஆகும், 9 மணிக்கு படுக்குற ஆளுக்கு மத்தியானம் 12 மணியோட சாயா நிக்கணும், 4 மணி சாயாவுக்கு பதிலா மோரோ ரசமோ எதுவாவது. பீடியும் ஒதட்டுல வைக்கிற கூல் லிப் புகையிலையும் அமைதி தருதுன்னு தான் தோணும், நிக்கோட்டின் உள்ள போயி முழிக்க தான் வைக்கும், ராத்திரி முழிப்பு வந்தா ஒரு பீடி பத்த வைக்கிற பழக்கம் அடுத்த முழிப்புக்கு அட்வான்ஸ் குடுக்குறது தான்.

மத்தியான ஒறக்கத்துல தான் நான் புஸ்தகத்தோட சண்ட போடுவேன். பகல் ஒறக்கம் கூடாது, ராத்திரி ஒறக்கத்த தின்னுரும்னு எழுதியிருக்கும். நம்ம ஆளோட நாள பாருங்க. பால் எடுத்து ஒற ஊத்தி ஷீட் அடிச்சு முடியும்போது 11 மணி தாண்டும், கையில காசு, ஒடம்பு அலுப்பு, பசி, 12 மணிக்கு டாஸ்மாக் தெறக்கும். குடிய விட்டவங்க கூடி பேசுற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துல பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலும் தான் ஆள தள்ளி விடும்னு சொல்லுவாங்க, இங்க நாலுல ரெண்டு ஒரே நேரத்துல நிக்குது. ராத்திரி 9லேருந்து 3 வரைக்கும் ஆறு மணி நேரம் முழுசா ஒறங்குனாலே கொறவு தான். அதனால சோறு தின்னுட்டு 12.30 போல அரை மணி, முக்கால் மணி நேரம் அலாரம் வச்சு ஒறங்குறது எனக்கு சரின்னு படுது, ராத்திரி ஒறக்கம் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல, அந்த நேரம் ஆளு வீட்டுக்குள்ள இருக்காரு. 2 மணிக்கு மேல நீண்டா தான் தொல்ல.

ஏ.ஏ. கூட்டம் ஒறக்க மருந்து இல்ல, 1935ல ஆரம்பிச்ச நாள்லேருந்து அவங்களும் அப்படி சொன்னதில்ல. ஆனா ஒண்ணு கெடைக்கும், நடுராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டா போன் எடுக்குற ஒரு ஆளு. மத்த எந்த வழியிலயும் அது இல்ல. பாஸ்டரோட ஜெபமும் அதே கணக்குல நல்லது தான், விடிய விடிய முழு இரவு ஜெபம் மட்டும் முதல் ரெண்டு மூணு மாசம் வேண்டாமே.

அப்ப நான் எத எடுப்பேன்? முதல் வாரம் ஆஸ்பத்திரி, அதுல மாற்று இல்ல. பெறகு ஓ.பி.யும் வீட்டுப் பழக்கமும் சேத்து, ரெண்டுல ஒண்ணு தான் முடியும்னா வீட்டுப் பழக்கம். எண்ணெய், கூட்டம், ஜெபம் பக்கத்துல இருக்கட்டும். சீட்டு இல்லாத மாத்திரை, அரிஷ்டம், கள்ளு மூணும் வாசலுக்கு வெளிய. ரெண்டு மாசம் ஒழுங்கா பழக்கியும் வாரத்துல பாதி ராத்திரிக்கு மேல ஒறக்கம் இல்லன்னா, இல்ல சாகலாம்னு தோணுனா, ஓ.பி.ய தள்ளி போடாதீங்க, ரெண்டாவதுக்கு அன்னைக்கே.

வீட்டம்மாவோட ஒறக்கத்தையும் இதுல சேக்கணும். வருஷக்கணக்கா இவரு எப்ப வருவாரு, விழுந்து கெடக்காரான்னு காது கொடுத்தே படுத்த ஆளு, இப்ப இவரு வராண்டாவுக்கு எந்திரிச்சு போனாலும் திடுக்குன்னு முழிக்கும், காலையில அண்டியாபீஸ், அதான் முந்திரி ஆலை, வேலைக்கும் போகணும். எதுக்கு எந்திரிக்கிறேன்னு முன்னாடியே சொல்லி வச்சிருங்க, முடிஞ்சா கொஞ்ச நாள் வேற அறையில படுங்க, அத சண்டையா எடுக்க வேண்டாம்.

ஓ.பி.க்கு போற அன்னைக்கு ஒரு பழைய நோட்டுல ரெண்டு வாரத்து கணக்க எழுதிட்டு போங்க: எப்ப படுத்தாரு, தோராயமா எப்ப ஒறங்குனாரு, எத்தன தடவ முழிச்சாரு, எப்ப எந்திரிச்சாரு, சாயா எத்தன, பீடி எத்தன, கொறட்டையில மூச்சு நிக்குதான்னு கூட படுக்குறவங்க பாத்தது. ஒறக்கமே இல்ல சாரேன்னு மட்டும் சொன்னா டாக்டரால ஒரு மாத்திரை தான் எழுத முடியும். நடந்துட்டு இருக்கிற எல்லா மருந்தையும், ஆசான் குடுத்தது உட்பட, பையில போட்டு கொண்டு போங்க.

ரப்பர் மரம் இலை உதிர்க்குற நேரத்த மட்டும் கவனிங்க. தை, மாசி தாண்டி வெட்டு நிக்கும்போது எந்திரிக்க காரணம் இல்லாம போகும், ஒறக்க நேரம் கண்டபடி நகரும், கையில காசும் கொறவு, கோயில் கொடைன்னும் திருவிழான்னும் ஆளுக கூடுற நேரமும் அதுதான். அந்த மாசங்களுக்கு எந்திரிக்கிறத 3லேருந்து 5ன்னு ஒரேடியா மாத்தி, படுக்குறதையும் 10க்கு தள்ளி, திரும்ப வெட்டு தொடங்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கால் மணி நேரம் கால் மணி நேரமா பழைய நேரத்துக்கு கொண்டு வந்துருங்க.